குளியலறை மூலையிலிருந்து பதினொரு பாதம்

மார்ச் 3

பாப்பாவுக்கு,

இங்கே நான் நலம் என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். நலமாக இருக்கிறேனா என்று நீ கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஃபோனில் எனக்குக் காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். ஒரு கார்டு போடலாம். போடவில்லை. போகட்டும்.

நேற்றுச் சாப்பிடும்போது என் மகன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். வீட்டின் பின்பக்கத்தைச் சமன் செய்து, செப்டிக் டேங்க் மேலேயே கான்கிரீட் போட்டு வண்டி நிறுத்த இடம் கட்டப்போகிறாயாம். காண்ட்ராக்டர் வந்து அளந்துவிட்டானாம். எல்லோருக்கும் தெரிந்த பிறகு, கடைசியில் கட்டியவனுக்குத் தெரிகிறது.

அந்த வீட்டில் ஒரு செங்கல் என் கைக்குத் தெரியாமல் உட்காரவில்லை. பகலில் ஆலையில் பம்பு ரிப்பேர் பார்த்துவிட்டு, மாலையில் வந்து சாரத்தில் ஏறுவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய புத்தகம்தான் என் பள்ளிக்கூடம். முன்பக்கங்கள் பதினாறும் கிழிந்துபோன அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் செப்டிக் டேங்க் கட்டினேன். நாற்பத்தோரு வருஷத்தில் ஒருநாள் அடைத்ததா? நீயே சொல்.

டேங்கின் மூடி நான்கு அங்குலக் கனம். ஆள் நடக்கப் போட்டது. வண்டி ஏறப் போட்டதல்ல. உன் ஓவர்சியருக்கு இதுகூடவா தெரியாது? சர்க்கார் சம்பளத்தில் முப்பது வருஷம் பாலத்தையும் ரோட்டையும் மேற்பார்வை பார்த்தவர்தானே.

வேலையை நிறுத்து. என் சம்மதம் இல்லாமல் பின்பக்கம் கடப்பாரை விழக் கூடாது.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

உங்க கடிதம் வந்தது. ரெண்டு தடவை படிச்சேன். என் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்னு எங்கேயாவது ஓரத்துல கேட்டிருப்பீங்கன்னு தேடினேன். 'உன் ஓவர்சியர்'னு ஒரு இடத்துல வருது. அவ்வளவுதான்.

நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேன். பக்கவாதம் வந்து அஞ்சு மாசம் ஆச்சு. வலது கை, வலது கால் வரல. பேச்சு போயிடுச்சு. மிச்சம் இருக்கறது ரெண்டு வார்த்தை. 'சரி', 'வேணாம்'. குடும்பம் நடத்த அது போதும்னு தெரிஞ்சுக்கிட்டேன், கல்யாணமான புதுசுலயே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வாரம் மூணு நாள் கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். வர்ற ஆறு மாசத்துக்குள்ள கால் பழகிக்கிட்டா நடப்பார், விட்டுட்டா அப்புறம் படுக்கைதான்னு டாக்டர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டார். ஆஸ்பத்திரி வேன் வருது. ஆனா எங்க நிக்கும்? முன்பக்கம் சந்து, வேன் நுழையாது. அதுக்கு மேல நீங்க கட்டின ஏழு படி. வெள்ளம் வரும்னு சொல்லி வீட்டை உயர்த்தினீங்க. நாப்பது வருஷமா வெள்ளம் வரல, ஏழு படி மட்டும் வந்துச்சு. ரெண்டு ஆள் நாற்காலியோட அவரைத் தூக்கி இறக்கறாங்க. போன வெள்ளிக்கிழமை நாலாவது படியில ஒருத்தன் கால் வழுக்கிடுச்சு. முழங்கை தோல் உரிஞ்சு ரத்தம். அவர் என்னைப் பார்த்தார், நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

பின்பக்கம் தரையே மேடு, அகல ரோடு. சுவரை உடைச்சு கேட் வெச்சா வேன் நேரா பின்வாசலுக்கு வந்துடும். ஒரே ஒரு படி. அதையும் சரிவா மாத்திடலாம்னு காண்ட்ராக்டர் சொல்றார். அந்தப் படி ஞாபகம் இருக்கா? ஈர சிமெண்ட்ல உங்க காலை வெச்சுட்டீங்க, அது அப்படியே பதிஞ்சு கிடக்கு. என் பசங்க அதுல தண்ணி ஊத்திக் கப்பல் விட்டு வளந்தாங்க.

தெருவுக்கு பாதாளச் சாக்கடை வந்து ஒரு வருஷம் ஆச்சு. நம்ம வீட்டு இணைப்பும் குடுத்தாச்சு. டேங்கை லாரி வெச்சு உறிஞ்சி, மூடியை உடைச்சு, மணலும் கல்லும் போட்டு நெரப்பி, அதுக்கு மேலதான் கான்கிரீட். அவர் வளர்க்கிற பூப்பாத்தியை எடுக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. குளியலறைக்குப் பின்னாடி செங்கல் நட்டு வரம்பு கட்டி செம்பருத்தி வெச்சிருக்கார், யாரையும் அதுல கால் வைக்க விடமாட்டார். பசங்க பந்து விழுந்தாகூட இவரே குச்சியால தள்ளி எடுப்பார்.

உங்க சம்மதம் கேக்கலைன்னு கோவம். நான் எங்க வந்து கேக்கறது? அம்மா போனப்போகூட நீங்க வாசல்ல நின்னு பார்த்துட்டு ரோட்டோட போயிட்டீங்க.

பாப்பா


மார்ச் 18

பாப்பாவுக்கு,

படித்தேன். முழங்கைக்கு என்ன மருந்து போட்டாய் என்று எழுதவில்லை. இந்த வயதில் சாதாரணச் சிராய்ப்பும் ஆறாது, கவனி.

ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் வேண்டாம். முன்பக்கமே போதும். ஏழு படியை இடிக்க வேண்டியதில்லை. அதன் பக்கவாட்டில் சரிவுப் பாதை போட்டால் நாற்காலி உருண்டு இறங்கும். அடிக்கு ஒரு அங்குலம் சரிவு. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன், கை நடுங்குவதால் கோடு அப்படித்தான் இருக்கும். வேன் சந்து முனையில் நிற்கட்டும். நாற்பது அடி தள்ளிக்கொண்டு போவது பெரிய காரியமா?

பின்பக்கம்தான் என்று நீ பிடிவாதம் பிடித்தால், கேட்டை வடக்கு ஓரமாக வை. வண்டி அந்த ஓரமாகவே வந்து அந்த ஓரமாகவே போகட்டும். குளியலறை மூலைக்கும் பின்சுவருக்கும் நடுவே மட்டும் வண்டி ஏறக் கூடாது. அந்தப் பக்கம் மண் இளகிய மண். மழைத் தண்ணீர் இறங்கும் வழி. காரணம் நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் கடிதத்தில் விளக்க முடியாது. கட்டியவன் சொல்கிறேன், கேள்.

அந்தப் பூப்பாத்தி எந்த இடத்தில் இருக்கிறது என்று சரியாக எழுது. எப்போது போட்டார் என்றும் எழுது.

இங்கே எனக்கு என்ன வேலை என்று நினைக்கிறாய்? மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறை. மருமகள் நல்லவள், சோறு வைக்கிறாள், குழாய் சொட்டினால் மட்டும் என்னிடம் சொல்லாமல் பிளம்பரைக் கூப்பிடுகிறாள். நேற்று ஒருவன் வந்து வாஷரைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் போனான். வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கே அலுப்பாக இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

உங்க படம் கிடைச்சது. அழகா இருக்கு. ஆனா அளவு போட்டுப் பார்த்தா சரிவு சந்து நடுவுல போய் முடியுது. வர்ற சைக்கிள்காரன் எல்லாம் நம்ம நாற்காலி மேல ஏறிடுவான்.

வேலை ஆரம்பிச்சாச்சு. கோவிச்சுக்காதீங்க, எனக்கு வேற வழி இல்ல. போன வாரம் டேங்கைத் திறந்தாங்க. நீங்க பெருசு பண்ணினப்போ வரைஞ்சு வெச்ச வரைபடத்துல எங்க போட்டிருக்கோ அங்கேயே இருந்தது. லாரி வந்து உறிஞ்சிட்டுப் போச்சு. ரெண்டு நாள் காத்தாட விட்டாங்க. காண்ட்ராக்டர் எட்டிப் பார்த்துட்டு, "யாரும்மா இதைக் கட்டினது? பூச்சு ஒரு இடத்துல விடல. உடைக்கவே மனசு வரல"ன்னார். எங்க அண்ணன்னு சொன்னேன். "எந்த ஊர்ல இன்ஜினியர்?"னு கேட்டார். ஆலையில பம்பு மெக்கானிக்குன்னேன். நம்பல. இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், உங்களுக்குத் தலைக்கனம் ஏறிடும். சரி, இருக்கறதுக்கு மேல எங்க ஏறப்போகுது.

இப்ப டேங்க் நெரப்பியாச்சு. நீங்க கேட்ட பூப்பாத்தி, நீங்க வண்டி ஏறக்கூடாதுன்னு எழுதினீங்களே, அதே இடம்தான். குளியலறை மூலைக்கும் சுவருக்கும் நடுவுல. நீங்க அந்த வருஷம் டேங்கைப் பெருசு பண்ணிட்டு வீட்டை விட்டுப் போனீங்களே, அதுக்கு அடுத்த மாசமே போட்டார். இதைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகுதுன்னு தெரியல.

எனக்கு இப்ப வேற தலைவலி. திங்கக்கிழமை அவரை நாற்காலியில வெச்சு பின்பக்கம் தள்ளிட்டு வந்தேன், வேலையைப் பார்க்கட்டும்னு. செம்பருத்தியைப் பிடுங்கிட்டிருந்தாங்க. பார்த்ததுதான் தாமதம், இடது கையில இருந்த குச்சியால தரையை அடிக்க ஆரம்பிச்சுட்டார். அந்தப் பாத்தியையேதான். "வேணாம், வேணாம்"னு ஒரே கத்தல். வாய் ஓரம் எச்சில் ஒழுகுது, விடல. பூவு மேல இருக்கற ஆசைன்னு நெனச்சு, தொட்டியில எடுத்து வெச்சுடறேன்னு சத்தியம் பண்ணினேன். தொட்டியைக் கொண்டுவந்து மடியிலயே வெச்சேன். தட்டி விட்டுட்டார். அன்னைக்கு பயிற்சிக்கும் வரமாட்டேன்னுட்டார். புதன்கிழமையும் வரல. வேன் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போச்சு.

அங்கே நீங்க வேணாம்கறீங்க, இங்கே அவர் வேணாம்கறார். நாப்பத்தோரு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப்போறது இதுதான் முதல் தடவை. அதுவும் எனக்கு எதிரா.

வர்ற ஏழாம் தேதி கான்கிரீட் கலக்கற பெரிய லாரி வருது. புது கேட் வழியா பின்னாடியே வந்து கொட்டிட்டுப் போயிடும். ஒரு நாள் வேலை. முடிஞ்சதும் நான் ஒரு வாரம் தூங்கணும்.

பாப்பா


ஏப்ரல் 2

பாப்பா,

லாரியை உள்ளே விடாதே. இந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாது, அதனால் உன்னிடம் ஃபோனில் சொல்லும்படி என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். 'லாரி வேண்டாம், பூப்பாத்திப் பக்கம் யாரும் நிற்க வேண்டாம்' என்று மட்டும் சொல்வான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்ல என்னால் முடியவில்லை. உன்னிடம் எழுதுவதற்கே ஆறு தாள் கிழித்தாகிவிட்டது.

அந்த இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது.

நான் முதலில் கட்டிய டேங்க் அதுதான். கட்டிக்கொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்து அளந்தார். கொத்தனார் நிற்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் கையை ஊன்றி வேடிக்கை பார்க்கிறார், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கிணத்துல இருந்து பதினெட்டு அடிதான் இருக்கு மச்சான். இது ஆகாது. புத்தகம் படிச்சா மட்டும் போதுமா?" கொத்தனார் சிரித்தான். டேப்பைப் பிடுங்கி அவர் மேலேயே எறிந்தேன். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை வீட்டோடு இருக்க வேண்டும், கட்டடத்தோடு இருக்கக் கூடாது என்று சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் நாறியது. அம்மாவுக்கு மாற்றி மாற்றி வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டுச் சாக்கடைதான் காரணம் என்று நான் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். எனக்கு அப்போதே தெரியும்.

அந்தக் கோடையில் உன் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் இருபது நாள் போனீர்களே, அப்போதுதான் தெற்கு ஓரத்தில் புது டேங்க் கட்டினேன். பழையதையே தெற்குப் பக்கம் நீட்டிப் பெரிசு பண்ணினேன் என்று உங்களிடம் சொன்னேன். பழையதை நிரப்பியிருக்க வேண்டும். புதிதாகத் தோண்டியது களிமண், அது உதவாது; நிரப்ப வேண்டுமானால் எட்டு வண்டி மணல் தெரு வழியாக வர வேண்டும். தெரு முழுக்கப் பார்க்கும். யாராவது அவரிடம் சொல்வார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது என்றுதான், ஆலையில் கழித்துப் போட்ட இரண்டு இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து, அதன்மேல் கல் பலகையை அடுக்கி, ஒன்றரை அடி மண்ணைப் போட்டு மூடினேன். உள்ளே ஆறடி வெறும் பள்ளம். நாற்பத்தோரு வருஷம். குழாய் இத்தனை நாளில் துருவாகத்தான் இருக்கும்.

அவர் குச்சியால் அடித்த இடத்தை எழுதியிருந்தாய். பாத்தி போட்ட மாதத்தையும் எழுதியிருந்தாய். படித்துவிட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. அது பூப்பாத்தி இல்லை பாப்பா. வேலி.

இடம் சொல்கிறேன். டேப் அவருடையது, அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. காலால்தான் அளந்தேன். குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டி ஒட்டி வைத்து, குளியலறை மூலையிலிருந்து சுவரை நோக்கிப் பதினொரு பாதம். அங்கிருந்து வடக்கே திரும்பி ஏழு பாதம். அங்கே குழியின் நடுமையம். யாரையும் உள்ளே இறக்காதே, எந்தக் காரணத்துக்கும். மூடிக் கிடந்த குழியில் காற்று விஷமாக இருக்கும். பலகையை வெளியில் நின்றே வண்டி வைத்து இழுக்கச் சொல்.

என் புத்தகத்தில் முன்பக்கம் பதினாறு இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? இருபது வருஷம் கழித்து ஒரு நடைபாதைக் கடையில் முழுப் புத்தகம் கிடைத்தது. நின்ற இடத்திலேயே பிரித்தேன். ஒன்பதாம் பக்கம். கிணற்றிலிருந்து ஐம்பது அடி. அதை வாங்காமல் திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை அவரிடம் படித்துக் காட்டாதே என்று முதலில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். படி.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

உங்க பையன் மறந்துட்டு ஏழாம் தேதிதான் ஃபோன் பண்ணினான், அப்போ லாரி கேட்டுல நிக்குது. பின் டயர் உள்ள வர்றதுக்கு ரெண்டடிதான் பாக்கி. நான் ஓடிப்போய் நடுவுல நின்னேன், அறுபத்தாறு வயசுல, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு. டிரைவர், "என்னம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"ன்னான். காண்ட்ராக்டர் தலையில அடிச்சுக்கிட்டார். கலந்த கான்கிரீட்டை வேற எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டினாங்க. காரணம் கேட்டாங்க. எங்க அண்ணன் வேணாம்னாருன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

மூணு நாள் கழிச்சுதான் கடிதம் வந்தது. அவர் கட்டில் பக்கத்துல உக்காந்து முதல் வரியில இருந்து படிச்சேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். டேப்பை எறிஞ்ச இடம் வந்தப்போ கண்ணைத் திறந்தார். முடிச்சுட்டு, "உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். "சரி"ன்னார். "ஏன் என்கிட்ட சொல்லல இத்தனை வருஷமா?"ன்னேன். "வேணாம்"னார். அதுக்கு மேல அவர்கிட்ட வார்த்தை இல்ல, எனக்கும் தைரியம் இல்ல.

பதினொரு பாதம்னு எழுதிட்டீங்க. யார் பாதம்? காண்ட்ராக்டர் கால் வாத்து மாதிரி அகலம். என் கால் சின்னது. அப்புறம்தான் பின்வாசல் படியில பதிஞ்ச உங்க கால் ஞாபகம் வந்துச்சு. பழைய பேப்பரை அந்தத் தடத்துல வெச்சு அழுத்தி, கத்திரியால வெட்டி எடுத்தேன். அதை மூலையில இருந்து பதினொரு தடவை வெச்சு, திரும்பி ஏழு தடவை வெச்சேன். அவர் நாற்காலியில இருந்து பார்த்துக்கிட்டே இருந்தார். ஏழாவது வெச்சதும் குச்சியைத் தூக்கி, "சரி"ன்னார்.

தோண்டினாங்க. பலகை வந்துச்சு. மண் வெட்டற வண்டியை வெளியில நிறுத்தி, சங்கிலி போட்டு இழுத்தாங்க. ரெண்டாவது பலகையை அசைச்சதுமே ஒரு குழாய் ரெண்டா ஒடிஞ்சு, மத்த பலகை எல்லாம் தானா உள்ள விழுந்துடுச்சு. சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுல இருந்து ஓடி வந்தாங்க. லாரியை விடுங்க, அவரை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வேன் அதுமேல நின்னிருந்தா?

எனக்குக் கோவம் வருதுண்ணா. பக்கத்து வீட்டோட ரெண்டு வருஷம் பேசாம இருந்தோம். அந்த அம்மா எத்தனை தடவை வந்து எங்க சாக்கடை இல்லன்னு அழுதாங்க. அவங்க போய்ச் சேர்ந்தாச்சு, இப்ப யார்கிட்ட சொல்றது? அம்மா அந்த வருஷம் பாதி ஆளா போனாங்க. என் பசங்க அந்த இடத்தைச் சுத்தியே விளையாடினாங்க. நான் துணி காயப்போட்டேன். எட்டு வண்டி மணலுக்குக் கூச்சப்பட்டு! அவர் மேலயும் கோவம்தான். ஒரு வார்த்தை சொல்லிட்டு நெரப்பியிருக்கலாம். உங்க மானத்தைக் காப்பாத்த செம்பருத்தி வெச்சுத் தண்ணி ஊத்திட்டிருந்தார் மனுஷன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காம இருந்ததுக்கு நடுவுல நான் குடித்தனம் பண்ணியிருக்கேன்.

நேத்து அவரே குச்சியால வேனைக் காட்டினார். பயிற்சிக்குப் போனோம். பழைய ஏழு படி வழியாத்தான்.

பள்ளம் திறந்து கிடக்கு, சுத்தி கயிறு கட்டியிருக்கு. மணலா, கல்லா, எப்படி நெரப்பறதுன்னு காண்ட்ராக்டர் கேக்கறார். நீங்களே எழுதுங்க.

பாப்பா


ஏப்ரல் 21

பாப்பாவுக்கு,

உன் கோபம் நியாயம் என்று எழுதினால் அதோடு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன் என்பாய். எழுதவில்லை.

வேலைக்கு வருகிறேன். உள்ளே விழுந்த பலகைகளை எடுக்க வேண்டாம், ஆள் இறங்க நேரும். இந்தக் கடிதம் வரும்வரை திறந்தே கிடக்கட்டும். பிறகு அடியில் உடைகல், அதன்மேல் மணல். மொத்தமாகக் கொட்டக் கூடாது. ஓரடி போட்டு, தண்ணீர் விட்டு, இறங்க விட்டு, பிறகு அடுத்த ஓரடி. ஆறு அடுக்கு. கான்கிரீட் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நான்கு போதும் என்று காண்ட்ராக்டர் சொல்வான், விடாதே. தெற்கு டேங்கில் நான் போட்ட பூச்சைப் பற்றி அவன் சொன்னது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பின்வாசல் படியை உடைத்துச் சரிவாக்கிவிடு. தடம் இருக்கிறதே என்று தயங்காதே. அதன் வேலை முடிந்தது.

மணல் முன்தெரு வழியாகவே வரட்டும், சந்தில் தள்ளுவண்டியில் ஏற்றியாவது. எட்டு வண்டியும்.

ஒன்று மட்டும் செய். மாப்பிள்ளையை நாற்காலியோடு கொண்டுவந்து பள்ளத்தின் ஓரம் உட்கார வை, வெயில் இல்லாத பக்கமாக. ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் அவரைக் கேள். சரி என்றால் அடுத்ததைப் போடு. வேணாம் என்றால் நிறுத்து. இதில் எழுதியிருக்கிறது, அண்ணன் எழுதியிருக்கிறார் என்று சொல்லி மேலே போடாதே.

அண்ணன்